படிவத்தில் இல்லாத மைப்பொட்டு

பிள்ளைகளின் மனநல வேலையில் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். புதிதாக வந்து இறங்கும் முறைகளைத்தான் சமாளிக்க முடியாது. படிவத்தோடு மல்லுக்கட்டும் சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்!

தடித்த கையேடு

தானா ராத்தா என்ற மலையூரில் பன்னிரண்டு வருஷமாக நான் பெற்றோருக்கு வழங்கியது அறிவுரை மட்டும்தான். திடீரென்று, பலன் உண்டென்று சோதித்துப் பார்த்த முறை என ஒரு கையேடு வந்தது. தாய் தினமும் ஐந்து நிமிஷம் பிள்ளையோடு விளையாட வேண்டும். பிள்ளை நல்லது செய்தால், எது நல்லது என்று சொல்லிப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நான் படிவத்துக் கட்டத்தில் டிக் போட வேண்டும். "என் அனுபவத்துக்கு இதெல்லாம் வேணுமா?" என்று எகிறினேன். பயிற்சி கொடுக்க வந்த மாலதி அக்கா சிரித்தார்.

"பன்னெண்டு வருஷமா பேசினியே, யாருக்கு நல்லாச்சுன்னு எழுதி வச்சிருக்கியா?"

காலிக் கட்டம்

முதலில் வந்தவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து செல்வி. மகள் தாரணிக்கு எட்டு வயது. கோபம் வந்தால் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிடுவாள். இன்னொரு தடவை கடித்தால் அனுப்ப வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

செல்வி நன்றாக விளையாடினார். பாராட்டுங்கள் என்றால் மட்டும் வாய் திறக்கவில்லை. மூன்று வாரம் அந்தக் கட்டம் காலி. பாசமே இல்லையோ என்றுகூட நினைத்தேன். இன்றும் அதற்காக வெட்கப்படுகிறேன். கடைசியில் அவரே காதோடு சொன்னார்.

"பெத்தவ கண்ணுதான் மிஸ் முதல்ல படும். வாய் தொறந்து புகழ்ந்தா புள்ளைக்கு ஆகாதுலா."

மை டப்பா

பாராட்டை விட்டால் அந்த முறையே இல்லை. மாலதி அக்காவுக்குப் போன் போட்டேன். கண்ணு படாமலிருக்க என்ன செய்வார் என்று செல்வியையே கேட்கச் சொன்னார். கேட்டேன். அடுத்த வாரம் செல்வி மை டப்பாவோடு வந்து, மகள் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார். அப்புறம் வாய் திறந்தது பாருங்கள்: "கோபம் வந்தும் கையைக் கட்டிக்கிட்டு நின்னியே, நல்லா இருந்துச்சுடி தங்கம்!" கையேடு எழுதியவர்களே இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். முறையை மீறிவிட்டோமோ என்ற பயம் எனக்கு. மாலதி அக்காவுக்கு அந்தப் பயமே இல்லை.

"பாராட்டை எடுத்தாத்தான் தப்பு. பொட்டு வைக்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

தாரணியின் முறை

இரண்டு மாதமாகக் கடி இல்லை. பள்ளியிலும் தாரணியின் நாற்காலி நிலைத்துவிட்டது. போன வாரம் அவளே டப்பாவைத் திறந்து அம்மாவின் கன்னத்தில் மை வைத்தாள். செல்வி அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, காலையில நான் தேத்தண்ணிய கொட்டினப்ப நீங்க கத்தாம துணி எடுத்துக் குடுத்தீங்க. நல்லா இருந்துச்சும்மா."

பன்னிரண்டு வருஷம் நான் பேசியும் நடக்காத காரியத்தை ஒரு கையேடும் ஒரு டப்பா மையும் செய்துவிட்டன. டிக் போட்ட பெருமை மட்டும் என்னுடையது.