வௌவால் எண்ண வந்த பிள்ளைகள்

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் கரண்ட் கம்பியில் ஒரு வௌவால் செத்துத் தொங்கியது. பக்கத்து வீட்டுச் சின்னன்கள் கீழே நின்று போனில் படம் எடுத்தார்கள். அதில் ஒன்று என்னிடம் கேட்டது, இது நரிக்குட்டியோ என்று. முகத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பழம் தின்கிற பெரிய வௌவால் என்றேன். நம்பவில்லை. அதுகள் பிறந்த பிறகு எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் இந்தச் சாதி வௌவால் தொங்கி ஒருவரும் பார்த்ததில்லை.

கம்பிக்குக் கீழே அந்த மணம் இருந்தது. புளித்த பழமும் ஈரச் சாக்கும் சேர்ந்த மாதிரி. எனக்கு அது கெட்ட மணம் இல்லை. ஒரு ஆவணி முழுக்க அதற்குள் இருந்தவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் அருமை, பற்றரி இல்லை, மருந்தும் இல்லாத மாதிரித்தான். கொழும்புக்குப் போய்விட்ட ஒருவருடைய வளவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் புகையிலை. பின்பக்கம் குளக்கரையோடு இலுப்பை மரங்கள். அதில் இலையைவிட வௌவால் கூட.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடம் எனக்குச் சரிவரவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் நான் சரிவரவில்லை. கோப்பாயிலிருந்து ஒரு ரீச்சர் சைக்கிளில் வந்து, விடுமுறை முழுக்கப் பிள்ளைகளோடு இங்கே வௌவாலை ஆராய வேண்டும் என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாட்டேன் என்று சொல்லவும் காரணம் இல்லை. ஓம் என்றேன்.

உயர்தரம் படிக்கிற பிள்ளைகள். பெடியளும் பெட்டையளும். மரத்துக்குக் கீழே உரப்பைகளை வெட்டி விரித்தார்கள். வௌவால் துப்புகிறதும் கழிக்கிறதும் அதில் விழும். காலையில் வந்து குச்சியால் கிளறி, எது எந்தப் பழத்தின் விதை என்று பிரிப்பார்கள். படிக்கிற பிள்ளைகள் வௌவால் பீ கிளறுகிறதைப் பார்க்க ஊர் வந்து வேலியில் நின்றது.

பின்னேரம் வௌவால் இரைக்குக் கிளம்புகிற நேரம் எண்ணிக்கை. வானத்தை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு மல்லாந்து படுப்பார்கள். கொப்பி தட்டுப்பாடு, இருட்டினால் எழுதவும் வெளிச்சம் இல்லை. பத்து வௌவாலுக்கு ஒரு புளியங்கொட்டையைச் சிரட்டையில் போடுவார்கள். அதிலும் சண்டை வரும். கொக்கு என்று ஒரு நெடுவல் பெடியன்தான் தொடங்குவான்.

"உது என்ரை வானத்தாலை போனது. நீ எடுக்காதை."

"உன்ரை வானம் அந்தக் கொப்போடை முடிஞ்சுது. பேசாமல் படு."

பகலில் குண்டு போடுகிற பொம்பர் வந்தால் வௌவால் எல்லாம் ஒன்றாய்க் கிளம்பிச் சுற்றும். பிள்ளைகள் பங்கருக்குள் ஓடுவார்கள். கொக்கு மட்டும் பங்கர் வாசலில் தலையை நீட்டி எண்ணிக்கொண்டிருப்பான். ரீச்சர் உள்ளேயிருந்து அவனுடைய காலைப் பிடித்து இழுப்பார்.

என் வேலை பகல் காவல். ஆடு சாக்கை மிதிக்கக்கூடாது, ஆட்கள் வௌவாலை அடிக்கக்கூடாது. மூச்சு இழுக்கிற முட்டு வருத்தத்துக்கு வௌவால் இறைச்சி நல்லதென்று ஊரில் நம்பினார்கள். மருந்து இல்லாத காலத்தில் அந்த நம்பிக்கை கூடிப்போயிருந்தது. கல் வைத்து அடிக்கிற கெற்றப்போலோடு வந்தவர்களை, பிள்ளையள் போனபிறகு வாங்கோ என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஊர் எனக்கு வௌவால் விதானையார் என்று பேர் வைத்தது. ஊரில் அரிசிக் கூப்பன் பதிகிறவர் விதானையார்தானே; வௌவாலுக்கும் கூப்பன் பதியிறியளோ என்று கள்ளுத் தவறணையில் கேட்டார்கள்.

என் மகளுக்கும் முட்டு. ஏழு வயது. அந்த ஆவணியின் நடுவில் அவளுக்குக் கடுமையாக வந்தது. படுக்க முடியாமல் முழங்காலில் கையை ஊன்றி இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க விட்டார்கள். மாத்திரை இல்லை என்றார்கள். நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரி வௌவால் கொடு என்றார். வீட்டுக்கு வந்ததும் மனுசி சொன்னா:

"நீங்கள் வௌவாலைக் காத்துக்கொண்டு இருங்கோ. பிள்ளையை ஆர் காக்கிறது?"

பக்கத்து வீட்டில் கெற்றப்போல் வாங்கிக்கொண்டு வளவுக்குப் போனேன். பிள்ளைகள் குனிந்து விதை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒளித்து அடிக்க எனக்கு வராது. ரீச்சரிடம் நேரே போனேன்.

"ரீச்சர், எனக்கு ஒண்டு வேணும்."

அவர் என் கையைப் பார்த்தார். "பிள்ளைக்கோ?"

"ஓம்."

அதில் மருந்து இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடிக்கவும் சொல்லவில்லை. பிள்ளைகளும் கிளறுவதை நிறுத்திவிட்டார்கள்.

வதனி என்று ஒரு பிள்ளை. மற்றவர்கள் நிற்கும்போது எப்போதும் கீழே இருந்துகொள்ளும். பஞ்சிப்பட்ட சோம்பேறி என்று நினைத்திருந்தேன். அதுதான் எழும்பி வந்தது.

"அண்ணை, எனக்கும் முட்டு. சின்னனிலை எனக்கும் உது தந்தவை."

"பிறகு?"

"ருசியாத்தான் இருந்தது. முட்டு விடேல்லை."

கொக்கு சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வதனி தன்னுடைய கொம்பாஸ் பெட்டியைத் திறந்து ஒரு கடதாசிச் சரையை எடுத்தாள். உள்ளே மாத்திரைகள். கொழும்பிலிருந்து வந்த ஆரோ சட்டை மடிப்பில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்ததாம். அதில் பாதியைப் பிரித்து என் கையில் வைத்தாள். பிள்ளைக்கு ஒருமுறைக்கு அரை மாத்திரைதான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

"வதனி, உனக்கு?" என்றார் ரீச்சர்.

"எனக்கு விடியத்தான் வாறது, ரீச்சர். பகலிலை சமாளிப்பன்."

ஒரு கையில் கெற்றப்போல், மற்றக் கையில் மாத்திரை. நன்றி என்று சொல்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. வாறன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் மகள் நிமிர்ந்து படுத்தாள். மனுசி அவளுடைய நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரை முடிய என்ன செய்யிறது என்று கேட்டா. மிச்சத்தை எண்ணிச் சரையில் மடித்து வைத்தேன்.

விடுமுறையின் கடைசி நாட்களில் வதனி எண்ணப் படுக்கவில்லை. மரத்தில் சாய்ந்து இருந்தபடி மற்றவர்களின் சிரட்டைகளை வாங்கிக் கொட்டை எண்ணினாள். அவளுடைய மூச்சு எனக்குத் தூரத்திலேயே கேட்டது. தந்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. போகிற அன்று அவளுடைய சைக்கிள் கரியரில் மரவள்ளிக் கிழங்கு கட்டிவிட்டேன். இவ்வளவையும் ஏற்றிச் சைக்கிள் உழக்கினால் எனக்கு முட்டு வரும் அண்ணை என்று சிரித்தாள். பாதியை அவிழ்த்துக் கொக்குவின் சைக்கிளில் கட்டினேன்.

அடுத்த ஆவணிக்கும் ரீச்சர் வந்தார். வேறு பிள்ளைகள். வதனி படித்து முடித்துவிட்டாள் என்றார். அதற்கடுத்த ஆவணிக்கு ஒருவரும் வரவில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்தது.

அந்த ஐப்பசியில் எங்கள் வலிகாமப் பக்கம் முழுக்க வீடு வாசலை விட்டு எழும்பி நடந்தது. மழைக்குள் மகளைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இழுத்தது. சனத்துக்குள் வதனியின் முகத்தைத் தேடினேன். மாத்திரைக்காகத்தான் தேடினேன். காணவில்லை.

திரும்பி வந்தபோது இலுப்பை ஒன்றும் இல்லை. ஆமி காவலரண் கட்டத் தறித்துவிட்டது. வௌவால்கள் எந்தப் பக்கம் போயின என்று ஆருக்கும் தெரியாது. ரீச்சர் வன்னிக்குப் போனாராம். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

மகளுக்கு வளர வளர முட்டு விட்டுப்போனது. இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வதனிக்கு விட்டதோ தெரியாது. கேட்டுப் பார்க்க, அந்த வளவில் அவளோடு எண்ணின ஒருவரும் இப்போது இந்தப் பக்கம் இல்லை.