ஒரு பக்கம் மட்டும் எரியும் அடுப்பு

நெருப்பை மூட்ட யாராலும் முடியும். அதை ஒரே அளவில் அடக்கி வைப்பதற்குத்தான், கேஸ் அடுப்பில் கறி சுடுகிறவனுக்குச் சம்பளம். அந்த அடுப்பின் முன்னால் வியர்த்து நின்றவர்களுக்கு என் வேதனை புரியும். மற்றவர்கள் சாப்பிட்டவர்கள்தானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த வழி

பம்பாய் குர்லாவில் நடந்த தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் துண்டறிக்கை எழுதியவன் நான். அதை வாசலில் நின்று உரக்கப் படித்து, அதற்காகச் சிறைக்குப் போனவனும் நான். முடிந்ததும் எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்; 'நெருப்பு வைக்கிற கை' என்று என்னை மட்டும் வெளியே தள்ளினார்கள். பிறகு என் பெயரைக் கேட்டதுமே எல்லாக் கதவுகளும் சாத்திக்கொண்டன. செம்பூரில் சுட்ட கறிக்கடை வைத்திருந்த கடையநல்லூர் காதர் பாய்தான் வேலை கொடுத்தார்.

அறுபதுகளில் கேஸ் புதுசு. பாய்க்கு அதில் ஆசை. பட்டறையில் சொல்லி இரும்புத் தகட்டில் பெட்டி ஒன்று செய்து வாங்கினார். உள்ளே இரண்டு எரிகுழாய், வெளியே இரண்டு திருகு, மேலே கனமான மூடி. சூட்டைக் காட்ட முள் எதுவும் கிடையாது. என்னிடம் ஒப்படைத்துவிட்டுச் சொன்னார்: "வேய் லீடரு, இது கூட்டமில்ல. கத்துனா வேகாது."

இரண்டும் எரிந்த நாள்

முதல் நாள் இரண்டு குழாயையும் எரியவிட்டு மேலே முழுக்கோழியை வைத்தேன். தோல் கரிந்தது, எலும்போரம் ரத்தம் கசிந்தது. தாராவி லாரி டிரைவர் ஒருவர் தட்டைத் தள்ளினார்: "மேல சாம்பல், உள்ள உசுரு. எந்தப் பக்கம் கடிக்கச் சொல்லுதீரு?"

மூடி

கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். முதலில் இரண்டையும் எரித்துப் பெட்டியைச் சூடாக்க வேண்டும். பிறகு ஒன்றை அணைத்து, அணைத்த பக்கத்தில் கறியை வைத்து மூட வேண்டும். மூடிக்குள் சுற்றும் சூடே வேகவைக்கும். மூடியின் ஓட்டைக்கு மேல் புறங்கையைக் காட்டினால் சூடு தெரியும். அதிகமானால் திருகை மயிரிழை திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உடனே பலன் தெரியாது. தெரியவில்லையே என்று மறுபடி திருப்பினால் கெட்டது.

எனக்கு முன்பே கடையில் கரியடுப்பில் விசிறிப் பழகிய எசக்கிக்கு இது ஆகவில்லை. நிமிஷத்துக்கொரு தரம் திறந்து பார்ப்பான், சேர்ந்த சூடெல்லாம் போய்விடும். கடைசியில் மூடியைக் கம்பியால் கட்டினேன். அவன் கேட்டான்: "அண்ணாச்சி, ஆலக் கதவத் தொறன்னு செயிலுக்குப் போனவரு நீரு. ஒரு மூடியத் தொறக்க விடமாட்டேங்கீரே!"

கெடு

அதற்குள் நிறையக் கோழி வீணாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நிச்சயதார்த்தத்துக்கு முழு ஆட்டுத் தொடைகள் கேட்டிருந்தார்கள். பாய் என்னைத் தனியே அழைத்தார். "தொட நல்லா வந்தா இங்கயே இரும். இல்லன்னா பொட்டி பட்டறைக்கு, நீரு வீட்டுக்கு. எனக்குக் கரியும் எசக்கியும் போதும்."

ஞாயிற்றுக்கிழமை

பெண்ணின் தகப்பனார் மதியமே வந்துவிட்டார். பார்த்தேன். தொழிற்சாலையில் நிர்வாகத்திடம் என்னைக் காட்டிக்கொடுத்த சூப்பர்வைசர். அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார், ஆனாலும் போகவில்லை. எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

எசக்கி காதோரம் வந்தான். "ரெண்டு திருகையும் தொறந்து விடும், அண்ணாச்சி. கருகட்டும்." கருகினால் அவனுக்கு லாபம். ஆனால் என் ஆத்திரமும் அவனுக்குத் தெரியும். என் கை திருகின் மேல்தான் இருந்தது.

வேலையை நிறுத்துவோம், சரக்கைக் கெடுக்கமாட்டோம் என்று துண்டறிக்கையில் எழுதியவன் நான். அதை நான் யாருக்காகவும் மாற்றுவதாக இல்லை. ஒரு குழாயை மட்டும் சிறிதாக எரியவிட்டேன். தொடைகளுக்குக் கீழே தட்டில் தண்ணீர் வைத்தேன். காற்று வந்த பக்கம் தகரத்தைச் சாத்தினேன். சிலிண்டரைச் சூடு படாதபடி தள்ளியே வைத்தேன். நடுவில் ஒரே தடவை திறந்து, நெருப்போரம் இருந்த முனைகளை மறுபக்கம் திருப்பினேன். பொழுது சாயும் நேரம் எலும்பைத் தொட்டதும் கறி தானாக விலகியது.

அவர் ஒரு துண்டைத் தின்று பார்த்தார். வெகுநேரம் மென்றார். "இவ்வளவு பொறுமை உன்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கு உன் பேரக் குடுத்திருக்க மாட்டேன்ப்பா" என்றார்.

நெருப்பு வைக்கிற கை என்று வெளியே தள்ளினார்களே, அந்தக் கை சுட்டதைத்தான் அவர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம்.