தேரன்று பாடம் எடுத்தது யார்

முத்தியால்பேட்டை ராஜவேலுக்கு வாழ்வு வந்தது கம்ப்யூட்டர் ரூபத்தில். மூலக்குளம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் இருபது வருஷமாகச் சான்றிதழில் சீல் குத்திக்கொண்டிருந்த மனுஷன். மாணவர் வருகை, மார்க்கு, ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் பெங்களூர் கம்பெனி ஒன்று செய்து கொடுத்த போர்ட்டலில் ஏற்றி, அதற்கு அவரைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். அவ்வளவுதான், நடையே மாறிப்போயிற்று. ஏசி அறை, கழுத்தில் பட்டை, பட்டையில் சாவி. எதிரே நிற்கிற பிள்ளையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. திரையில் பெயர் வந்தால்தான் அது பிறந்ததாகவே ஒப்புக்கொள்வார்.

வீட்டில் மட்டும் இந்தப் பவிசு செல்லாது.

"அரிசி தீந்துபோச்சு" என்பாள் பெண்சாதி தையல்நாயகி.

"அதுக்குள்ளயா? இருக்குமே!"

"அப்ப போர்ட்டல்ல பாத்து வடிச்சுக்குங்க. பானையில இல்ல."

அப்படிப்பட்டவர் அறைக்குள், பரீட்சைக்கு முதல்நாள் மத்தியானம், வீராம்பட்டினத்து அஞ்சலாட்சி மீன்கூடையோடு நுழைந்தாள். பின்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் துர்கா.

"எம் பொண்ணுக்கு மட்டும் ஏன் சார் ஹால் டிக்கெட்டு வரல?"

ராஜவேல் தட்டிப் பார்த்தார். "வருகை பத்தலம்மா. ஒரு நாள் குறையுது."

"காய்ச்சல்ல கெடந்தா. டாக்டர் சீட்டுதான் குடுத்தோமே?"

"அதையும் ஏத்தியாச்சு. இது ஆடி மாசத்துல ஒரு வெள்ளிக்கிழம. வரல."

"சார், அன்னிக்கு எங்க ஊர்த் தேரு" என்றாள் துர்கா. "காலேஜே லீவு."

"சிஸ்டத்துல லீவு காட்டலியே."

வீராம்பட்டினத்தில் அம்மன் தேர் ஓடுகிற ஆடி வெள்ளி என்றால் புதுச்சேரிக்கே விடுமுறை. பாவம், பெங்களூர்க்காரனுக்கு அது என்ன தெரியும்? தீபாவளியைப் போட்டான், பொங்கலைப் போட்டான், தேரை விட்டுவிட்டான். பூட்டிக் கிடந்த கல்லூரிக்குப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை என்று போர்ட்டல் அன்றைக்கு எழுதி வைத்துவிட்டது. மற்றப் பிள்ளைகளுக்கு வருகை மிச்சம் இருந்ததால் யாரும் அதைச் சீந்தவில்லை. காய்ச்சலில் படுத்த துர்காவுக்குத்தான் அது கழுத்தில் கத்தியாக இறங்கியது.

அஞ்சலாட்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீயுந்தான் சார் வடம் புடிச்ச. சட்டைய கழட்டி இடுப்புல கட்டிகினு, எங்க மச்சான் மேல வுழுந்து எழுந்தியே. தெரியலன்னு சொல்லு பாப்பம்."

ராஜவேலுக்குக் காது சிவந்தது. "நான் இன்னாம்மா பண்றது? லீவ சேக்கணும்னா கம்பெனிக்கு எழுதிப் போடணும். ஒரு வாரம் ஆவும்."

"பரீச்ச நாளைக்கு."

"அது உங்க கஷ்டம்."

"சரி, இருந்து வாங்கிகினே போறோம்." கூடையை இறக்கி ஏசிக்கு நேர்கீழே வைத்தாள். "ரூமு நல்லா குளுகுளுன்னு கீது. எனக்கும் ஐஸ் செலவு மிச்சம்."

கூடையில் இருந்தது மத்தி. அடைத்த அறையில் மத்தி என்ன செய்யும் என்று நெய்தல் நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ராஜவேல் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு யோசித்தார். துர்கா மட்டும் வந்ததாகப் போட்டால், பூட்டின கல்லூரிக்குள் ஒற்றைப் பெண் எப்படிப் போனாள் என்று கேட்பார்கள். எல்லாப் பிள்ளைகளும் வந்ததாகவே ஒரு தட்டுத் தட்டினார். ஹால் டிக்கெட் சுடச்சுட வந்தது. அஞ்சலாட்சி கூடையைத் தூக்கிக்கொண்டாள். வாசனையை அவருக்கு விட்டுப்போனாள்.

வாத்தியார்களின் வருகை வேறு வழி. அது கைரேகை மெஷின். அதில் ராஜவேலின் கை நீளாது. அதனால் கணக்கு இப்படி நின்றது: தேரன்று பிள்ளைகள் அத்தனை பேரும் வந்தார்கள், வாத்தியார் ஒருவரும் வரவில்லை.

கல்லூரியின் தாளாளர் சென்னையில் இருந்துகொண்டு கைப்பேசியிலேயே கல்லூரி நடத்துகிறவர். அவர் கண்ணில் இது பட்டுவிட்டது. மூன்றாம் பரீட்சை நடந்துகொண்டிருந்த காலையில் கார் போட்டு வந்து இறங்கி, மேற்பார்வைக்குப் போனவர்கள் போக மற்ற எல்லாரையும் கூட்டினார்.

"பசங்க மொத்தமா வந்திருக்காங்க. ஸ்டாஃப் ஒருத்தரும் வரல. அன்னிக்குப் பாடம் எடுத்தது யாரு?"

முதல்வர் கூரையைப் பார்த்தார். வாத்தியார்கள் ராஜவேலைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு நாள் வருகையை அடித்துவிடுவார்கள்; கம்பெனி லீவைச் சேர்க்கவோ ஒரு வாரம் ஆகும். மேல்மாடியில் துர்கா எழுதிக்கொண்டிருக்கிற பரீட்சையும், எழுதி முடித்த இரண்டும் அதோடு போகும். ராஜவேல் எழுந்தார். திரையைப் பார்க்காமல் அவர் பதில் சொன்னது போர்ட்டல் வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

"ஆன்லைன் கிளாஸ் சார். ஊருக்கு லீவுதான். ஆனா நம்ம ஸ்டாஃப் வீட்டுலேர்ந்தே பாடம் எடுத்தாங்க. அதான் கைரேகை இல்ல."

தாளாளர் முகம் பூரியாக உப்பியது. "திருவிழா அன்னிக்கும் நூறு பர்சென்ட்! இத ஏன்யா யாரும் சொல்லல? வாசல்ல பேனர் வைங்க. இனிமே வருஷா வருஷம் தேரன்னிக்கு ஆன்லைன் கிளாஸ். நானே உள்ள வந்து பாப்பேன்."

முதலில் கை தட்டியது முதல்வர். மற்றவர்களும் தட்டினார்கள், தட்டிக்கொண்டே ராஜவேல் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பார்வையின் சூட்டில் அப்பளம் பொரித்து எடுத்திருக்கலாம்.

பக்கத்து நாற்காலியில் இருந்த வணிகவியல் சக்கரபாணி அவர் காதோரம் குனிந்தார். "நல்லா இருய்யா. வர்ற ஆடிக்கு அந்த வடத்துல உன்னியே கட்டி இழுக்கறோம்."