சிஸ்டம் அக்காவின் திங்கட்கிழமை

எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளி முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டம் அக்கா. தட்டச்சு வேலைக்கு வந்தவர். யாருக்கும் மசியாத பிரிண்டரை ஒருநாள் ஓடவைத்துவிட்டார். அந்தக் குற்றத்துக்காக அலுவலகக் கணினிகள் அத்தனையும் அவர் தலையில் விழுந்தன. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். "அக்கா, ஹேங் ஆயிடுச்சு" என்று யாராவது நிற்பார்கள். மூடிவிட்டு எழுந்து போவார்.

மூலையில் உறுமிக்கொண்டிருந்த பழைய சர்வரிலிருந்து வரைபடங்களைக் கிளவுடுக்கு மாற்றும் வேலையும் அவரிடமே வந்தது. எங்கோ இருக்கும் இரண்டு சர்வர்களை ஜோடி சேர்த்து, ஒன்று படுத்தாலும் மற்றது சுமக்கும்படி செய்யவேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தனியாக உட்கார்ந்து முடித்தார்.

திங்கள் காலை எல்லோருக்கும் ஃபைல் திறந்தது.

"பறக்குதேம்மா!" என்றார் முதலாளி. அக்காவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

சற்று நேரத்தில் மூத்த வரைவாளரான மேடம் குரல் கொடுத்தார். "என் ஃபைல்ல நானே கை வைக்க முடியல. பார்க்க மட்டும்தான் விடுது. வரைஞ்சது இந்தத் தம்பின்னு காட்டுது!"

அந்தத் தம்பி நான்தான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலைக்குச் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை.

"அதுக்குள்ள இத்தனை கட்டடமா! தூக்கத்துலயும் வரைவியா ராசா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

மேடம் சிரிக்கவில்லை. அந்த ஃபைலில் இருந்தது, முதன்முறையாக முழுப் பொறுப்பும் அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடக் கட்டடம். திருத்திய வரைபடம் மாலைக்குள் வாடிக்கையாளருக்குப் போகாவிட்டால் அந்த வேலை வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

அக்கா திரையைப் பார்த்தார். நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

"சர்வருக்கு நம்ம பேர் தெரியாது, நம்பர்தான் தெரியும். பழசுல, வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி நம்பர். நான் புதுசா அகரவரிசைல போட்டுத் தொலைச்சிருக்கேன். மேடம் நம்பர் தம்பிக்குப் போயிடுச்சு. எல்லாருக்குமே மாறியிருக்கும்."

"தம்பி லாகின்லயே மேடத்தைத் திருத்தி அனுப்பச் சொல்லு. மத்ததை ராத்திரி பாரு" என்றார் முதலாளி.

"கூடாது சார். இப்ப சேமிக்கிறது எல்லாம் பழசோட கலக்குது. நேரம் ஆக ஆக எது யாரோடதுன்னு பிரிக்க முடியாது. எல்லாரும் கையை எடுக்கணும்."

"திங்கக்கிழமை காலையில ஆஃபீஸையே நிறுத்தச் சொல்றியா?"

"தப்பு என்னுது சார். நிறுத்திட்டுத் திட்டுங்க."

முதலாளி திட்டிக்கொண்டேதான் நிறுத்தினார். காலையிலிருந்து யார் எதைச் சேமித்தோம் என்று அக்கா மேசை மேசையாகக் கேட்டார். அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வோர் எண்ணாகச் சரிசெய்தார். நடுவில் மகள் போன் செய்தாள். "வரேன்டா, இன்னிக்கு வந்துடுவேன்" என்று தோளில் போனை இடுக்கியபடியே சொன்னார்.

மதியம் தாண்டித்தான் மேடத்தின் வரைபடம் மேடத்துக்கே வழிவிட்டது. நன்றி சொல்ல அவருக்கு நேரமில்லை. குனிந்தவர், வெளிச்சம் மங்கிய பிறகுதான் நிமிர்ந்தார். மாடிப்படிப் பகுதி மட்டும் மிச்சம். அதைக் காலையில் தருவதாக வாடிக்கையாளரிடம் போனில் கெஞ்சிச் சம்மதம் வாங்கினார். மற்றதை அனுப்பிவிட்டு அக்காவின் மேசைக்கு வந்தார்.

"அனுப்பிட்டேன்."

"யார் பேர்ல போச்சு?"

"என் பேர்லதான்."

அக்கா தலையசைத்தார். திரையை அணைத்தார், பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எழுந்திருக்க அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.