சுவரைச் சுற்றி வந்த பனி

பிள்ளைகளா, "கட்டாத வீட்டுக்குப் பனி போடுறது எல்லாம் ஒரு வேலையாப்பா?" என்று போன வாரம் சிரித்தீர்களே, வேலைதான். அதில் ஒரு தடவை என் வேலையே போகப் பார்த்ததை எழுதுகிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு இஞ்சினியர் ஆபீஸில் த்ரீடி ரெண்டரிங் செய்கிறவன். வீடு கட்டும் முன்னாலேயே, கட்டி முடித்த மாதிரி படம் செய்து காட்ட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா ஒருவர் வன்னியம்பட்டிப் பக்கம் வீடு கட்ட இருந்தார். அவர் மகன் போனில் சொன்னான்: "அண்ணே, பின்னால மலை, மார்கழி விடியக்காலம், பனி போட்டு அசத்துங்க. அம்மா வாயடைச்சுப் போகணும்."

அப்போதுதான் இஞ்சினியர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "படம் பிடிக்கலைன்னு பார்ட்டி போய்க்கிட்டே இருக்காங்கய்யா. இதுவும் போச்சுன்னா த்ரீடி வேலையை மதுரைக்கே குடுத்துருவேன்."

எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

சாஃப்ட்வேரில் பனிக்கென்றே இருக்கிற ஃபாக் போட்டேன். லேசாகத்தான் வந்தது. பயம் சும்மா இருக்க விடுமா? ஃபோட்டோஷாப்பில் ஸ்மோக் பிரஷ் என்று உண்டு. புகை வரைவதற்கு. அவசரத்துக்குப் பனிக்கும் அதையே அடிப்போம். சுவரோரம், போர்ட்டிகோ, ஜன்னலடி என்று வெள்ளையாக அடித்துத் தள்ளினேன். "இதுதான்யா வேணும்" என்றார் இஞ்சினியர்.

அம்மாவும் மகனும் வந்தார்கள். மானிட்டரைத் திருப்பிக் காட்டினேன். அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். பொறவு கேட்டார்: "வீடு ஏன் புகையுது?"

மகன் சிரித்தான். "பனிம்மா. நாந்தான் போடச் சொன்னேன்."

"ஏலே, பனி தூரத்துலதாம்ல அடைச்சுத் தெரியும். கிட்டப் போகப் போக விலகிரும். இது சுவத்துக்குள்ள இருந்துல்லா வருது. உங்கப்பா வேலை பார்த்த பட்டாசு ஆபீஸ் ஷெட்டு வெடிச்ச அன்னைக்கு இப்படித்தான் புகைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. நீ கைப்பிள்ளை, உனக்கென்ன தெரியும்?"

அம்மா எழுந்துவிட்டார். "எனக்கு இந்த வீடு வேண்டாம்யா."

இஞ்சினியர் என்னைப் பார்த்தார். ஸ்மோக் பிரஷ் அடித்திருந்த லேயரை, அதாவது படத்தின் மேலடுக்கை, மட்டும் அணைத்தேன். வெள்ளை போய், சுவர் பளிச்சென்று நின்றது. முதலில் போட்ட லேசான ஃபாக் மலையடியில் மட்டும் மிச்சமிருந்தது.

"அம்மா, இம்புட்டு இருக்கட்டுமா?"

நின்றபடியே பார்த்தார். "அது அங்கன கிடக்கட்டும். வாசப்பக்கம் வரவேண்டாம்." அப்புறம் மானிட்டரில் வாசல் பக்கத்து வேப்பமரத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த வேம்பு நிக்குல்லா, அதுக்குக் கீழ உட்கார ஒரு கல்லு போடணும்யா."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அவர்கள் போனதும் இஞ்சினியர் சொன்னார்: "மதுரைக்காரன் நம்பரைத் தேடவே ஆரம்பிச்சுட்டேன்யா."

புகை கிளம்புகிற இடத்தில் அடர்த்தி, பனி தூரத்தில் அடர்த்தி. இது தொழில் பாடம். ஆனால் நான் மகனிடம் மட்டும் பேசிவிட்டுப் படம் செய்தேன், குடியிருக்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் அதை அனுபவிக்கப் போகிறவரிடம் முதலில் கேளுங்கள்.

எல்லோரும் டீக்குப் போன பிறகு, அந்த ஸ்மோக் பிரஷ் ஃபோல்டரை டெலீட் செய்தேன். ரீசைக்கிள் பின் என்கிற குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.