மதினி ஒறங்கட்டும்

குறட்டை விட்டாத்தான் என்னவாம்? மௌத்து வீட்டுல பொஞ்சாதி குறட்டை விடக் கூடாதென்டு எந்தக் கிதாபுல எழுதியிருக்கு? எடுத்துக் காட்டுங்க பாப்போம்!

இப்படித்தான் ஆலங்குடாவுல, எங்கட ரஸாக் காக்காட வீட்டு விறாந்தையில நின்டுகொண்டு நான் சத்தம் போட்டேன். காக்காவ அடக்கி மூணாம் நாள் காலை அது. துக்கம் கேக்க வந்த பொம்புளைகள் பாய் நிறைய இருக்காங்க. உள்ளுக்கு, நாலு மாசமும் பத்து நாளும் வெளிய வராம இத்தா இருக்கிற அறையில, வெள்ளை உடுத்து, செவுத்துப் பக்கம் முகத்தத் திருப்பிக்கொண்டு எங்கட மதினி உம்மு குல்சூம் ஒறங்குறா. சும்மா கண்ணயர்றது இல்ல. வாயத் திறந்து வெச்சு, விறாந்தை வரைக்கும் கேக்குற குறட்டை. வந்தவங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்து உதட்டப் பிதுக்கினாங்க. எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு.

மௌத்தானது என்ட கூடப்பிறந்த காக்கா, ரஸாக். வேற யாரும் இந்தக் கதையச் சொன்னா, மௌத்தானவரக் குறை சொல்றாங்க என்டு பாய்வீங்க. அஸீஸா நான் சொன்னா, தங்கச்சி சொல்றா என்டு வாய மூடிக் கேக்கத்தான் வேணும். அதால நானே சொல்றேன்.

காக்கா கெட்ட மனுசன் இல்ல. கை நீட்ட மாட்டார், ஏச மாட்டார், வலையில நல்ல மீன் விழுந்தா முதல்ல வீட்டுக்கு எடுத்து வெச்சிட்டுத்தான் விப்பார். ஆனா அவருக்கு நித்திரை இல்ல. தொண்ணூறில இயக்கம் எங்கள மன்னாரிலிருந்து வெளிக்கிடச் சொன்ன நேரம், தோணியில வந்த வழியெல்லாம் சின்னப்புள்ளயா இருந்த மகன் றிம்ஸான் கடல்ல விழுந்திருவான் என்டு அவன்ட சட்டையப் புடிச்சுக்கொண்டு கண்ண மூடாம வந்தார். பிறகு அகதி முகாம்ல ஓலைக் கொட்டில். நெருப்புப் புடிக்கும், பாம்பு வரும் என்டு காவல் இருந்தார். அப்படியே முழிச்சுப் பழகின கண்ணு பிறகு மூட மாட்டேன் என்டிட்டு. கல்வீடு கட்டியாச்சு, கதவுக்கு ரெண்டு பூட்டுப் போட்டாச்சு, யுத்தமும் முடிஞ்சிட்டு. இனி ரஸாக்குக்கு நித்திரை வரும் என்டு ஊரே சொன்னிச்சு. எங்க வந்திச்சு?

செய்யாத வைத்தியம் இல்ல. சாதிக்காய உரைச்சு பால்ல கலந்து குடிச்சார். பழைய தலகாணியத் தூக்கிப் போட்டிட்டு இலவம்பஞ்சுல புதுசு தைப்பிச்சார். ஆயத்துல் குர்ஸி ஓதி நெஞ்சுல ஊதி, வலப்பக்கமாச் சரிஞ்சு படுத்தார். டொக்டர் தந்த குளிசையப் போட்டார், அடுத்த நாள் தோணி அணியத்துல தூங்கிக் கடலுக்குள்ள விழப் பாத்தார், அதோட அதையும் விட்டார். கடைசியில அவருக்குப் பலிச்சது ஒண்டே ஒண்டுதான், மதினிட கை. தேங்காயெண்ணெயச் சூடாக்கி அவர்ட உள்ளங்காலுல தேய்க்க வேணும். தேய்ச்சுக்கொண்டே வாயால எதையாவது கதைச்சுக்கொண்டும் இருக்க வேணும். கையும் நிக்கக் கூடாது, கதையும் நிக்கக் கூடாது. ரெண்டுல ஒண்டு நின்டா காக்கா முழிச்சிருவார். “ஒறங்கிட்டியா புள்ள?” என்டு கேப்பார். அன்பாத்தான் கேப்பார். அந்த அன்புக்காக எங்கட மதினி முழிச்சிருந்த வருசங்கள நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

விடிய சுபஹுக்குப் பாங்கு சொன்னா மதினி எழும்பிருவா. பிறகு தொழுகை, தேத்தண்ணி, புள்ள, அது முடிஞ்சா கருவாட்டு வாடியில வேலை. பகல்ல கொஞ்சம் சரியலாம்தானே என்டு கேப்பீங்க. எங்க சரியிறது? எங்கட சொந்தத்துல மூத்தவ ஒருத்தி இருக்கா, ஸுலைஹா. ஊர் ஞாயமெல்லாம் தன்ட வாயிலதான் பொறக்குதென்டு நினைப்பு. “பொம்புள பகல்ல ஒறங்கினா வீட்டுப் பறக்கத் போயிரும்” என்டு வாசல்ல வந்து நிப்பா. காக்கா பகல்ல கண்ணயரலாம், அவர் களைச்சு வந்த ஆம்புள. மதினி களைக்காத பொம்புளையாக்கும்! கடைசியில அவ நின்டுகொண்டே ஒறங்கப் பழகினா. றொட்டி சுட்டுக்கொண்டு ஒறங்கினதுல மணிக்கட்டு தாச்சியில பட்டு வெந்திச்சு. வாடியில ஒரு நாள் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டு நின்டவ உப்புக் குவியல்லயே சாஞ்சு ஒறங்கிட்டா. மத்தவங்க சிரிச்சாங்க. நான் அவங்களுக்குக் குடுத்த ஏச்சுல அன்டைக்கு வாடியே அடங்கிப் போச்சு.

இப்ப சொல்லுங்க, காக்கா மௌத்தாகி மூணாம் நாள் அவ ஒறங்கினது பெரிய குத்தமா?

“மண்ணு இன்னும் காயல்ல, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியக் காணல்ல” என்டா ஸுலைஹா. அழல்லயென்டு யார் சொன்னது? ஜனாஸாவத் தூக்கின நேரம் மதினி அழுத அழுகைய நான் கிட்ட நின்டு கேட்டவ. அழுதா. அழுது முடிச்சு ஒறங்கினா. ஒரு மனுசிக்கு ரெண்டும் ஏலும்தானே!

ஸுலைஹா விடல்ல. “நாப்பது நாளைக்கு மௌத்தானவர்ட ரூஹு வீட்டுக்கு வந்து போகும். பொஞ்சாதி முழிச்சிருந்து ஓத வேணும். ஒறங்குறதக் கண்டா அது மனம் நொந்து திரும்பிரும்” என்டா. எங்கட பழைய ஆக்கள்ட கதை இது, கேட்டா எல்லாருக்கும் நெஞ்சு திக்கெங்கும். அவ்வளவுதான், பொம்புளைகள் முறை வெச்சுக்கொண்டு யாஸீன் கிதாபோட மதினிக்குப் பக்கத்துல குந்தினாங்க. கண்ணு சொருகினா தோள்ல தட்டுறது. திரும்பச் சொருகினா திரும்பத் தட்டுறது. மௌத்தான மனுசன் கூட இப்படிப் படுத்தல்ல, அவர்ட பேரச் சொல்லி இவங்க படுத்தினாங்க.

ஸுலைஹா தட்டின ஒரு முறையில மதினி எழும்பி நேரா இருந்தா. முந்தானைய இழுத்துத் தலையில போட்டா. சத்தமே வைக்காமச் சொன்னா: “ரூஹு வரட்டும் ராத்தா. வந்தா, குல்சூம் ஒறங்குறா, எழுப்பாமப் பாத்திட்டுப் போங்க என்டு நான் சொன்னதாச் சொல்லுங்க.” சொல்லிட்டுத் திரும்பச் சரிஞ்சு படுத்துக்கொண்டா. நான் குசினிக்குள்ள போய் வாயப் பொத்திக்கொண்டு சிரிச்சேன், பிறகு அழுதேன்.

அந்தக் கதை வேன் ஏறி மதுரங்குளிக்குப் போச்சு. அங்கதான் மகன் றிம்ஸான் சாமான் கடை வெச்சிருக்கான். அடுத்த நாளே ஓதிப் பாக்கிற லெப்பையக் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறான், உம்மாவுல ஜின் ஏறிட்டாம். இத்தா என்டதால நடுவுல சீலை கட்டி, லெப்பை அந்தப் பக்கம் இருந்து ஓதினார். ஓதி முடிச்சு, “என்ன செய்யுது உங்களுக்கு?” என்டு கேட்டார்.

“ஒறக்கம் வருது.”

“வேற?”

“வேற ஒண்டுமில்ல.”

லெப்பை கிதாப மூடினார். “ஒறக்கம் வந்தா ஒறங்கத்தான் வேணும் மகன்” என்டு றிம்ஸானுக்குச் சொல்லிட்டு, தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போயிட்டார். நல்ல மனுசன், அல்லாஹ் அவருக்கு பறக்கத் செய்யட்டும்.

றிம்ஸானுக்கு அது போதல்ல. என்னை வெளிய வாசல் முத்தத்துக்குக் கூப்பிட்டான். “மாமி, உம்மாட மூளைக்கு ஏதோ ஆகிட்டு. இனித் தனிய விட ஏலாது. இத்தா முடிய நான் கூட்டிக்கொண்டு போறேன். கடல்ல பட்டம் கட்டிச் சறுக்க வாற வெள்ளைக்காரருக்கு அறை குடுக்கிற லொட்ஜ்காரன் இந்த வீட்டக் கேக்குறான், குடுத்திருவோம்” என்டான்.

“உன்ட உம்மாவக் கேட்டியா?”

“ஒறங்குற ஆளிட்ட என்னத்தக் கேக்குறது?” என்டு சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு முத்தத்துக் கோழியத்தான் விரட்டினேன்.

மதினிக்கிட்ட நானே சொன்னேன். அவ ஏசல்ல. “அங்க எனக்கென்டு ஒரு அறை இருக்குமா அஸீஸா?” என்டு மட்டும் கேட்டா. அந்த வீட்டுல இருக்கிறதே ரெண்டு அறை, ஒண்டுல கடைச் சாமான்.

“எனக்கு வேற ஒண்டும் வேணாம்” என்டா. “இந்த அறை, இந்தக் கதவு, என்னை யாரும் தட்டாம இருந்தாக் காணும். இதப் பறிச்சா என்னைக் கொன்ட மாதிரி.”

நான் மனசுக்குள்ள கிடந்தத அன்டைக்குக் கேட்டுட்டேன். “மதினி, காக்கா மேல உங்களுக்குக் கோவமா?”

“கோவமா? அவர் நல்ல மனுசன். அதுதான்டி கஷ்டம். கெட்டவனா இருந்திருந்தா நான் எப்பவோ ஒறங்கியிருப்பேன்.”

அதுக்குப் பிறகு மதினி ஒறங்கின ஒறக்கத்தப் பாக்கணுமே! பகல் ளுஹர் தொழுதிட்டு ஜன்னலத் திறந்து வைப்பா, கடல் காத்து வீசும். முகத்துக்கு மேல ஒரு துணிய மடிச்சுப் போடுவா. ஒரு தலகாணி தலைக்கு, ஒண்டு கால் ரெண்டுக்கும் நடுவுல. அவ்வளவுதான். பாலும் வேணாம், குளிசையும் வேணாம், யாரும் கதை சொல்லவும் வேணாம். காலுக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் போத்தல எடுத்து, “மீன் பொரி” என்டு என்ட கையில தந்திட்டா. கண்ணுக்குக் கீழ இருந்த கறுப்பு மறைஞ்சிச்சு. கன்னத்துல சதை வெச்சிச்சு. “புருசன் மௌத்தாகி உடம்பு வைக்குதே” என்டு ஸுலைஹா இழுத்தா. “வைக்கட்டும், உங்கட சோறா?” என்டேன்.

நாலு மாசமும் பத்து நாளும் முடிஞ்சு, மதினி குளிச்சு வெள்ளைய மாத்தின அன்டைக்கு வாசல்ல வேன் நின்டிச்சு. றிம்ஸான், அவன்ட பொஞ்சாதி ஸஹ்னா, கைப்புள்ள அப்ரா மூணு பேரும் வந்திருந்தாங்க. லொட்ஜ்காரனுக்குச் சாவி குடுக்கிறேன் என்டு சொல்லிட்டு வந்திருக்கானாம். பகல் சாப்பாடு பாயில விரிச்சோம். மதினி பெட்டி கட்டவும் இல்ல, வரமாட்டேன் என்டு சொல்லவும் இல்ல.

சாப்பிட்டுக்கொண்டு இருக்கக்குள்ள பாத்தா, ஸஹ்னாட கை வாய்க்குப் போற வழியில நின்டிட்டு. விரல்ல சோறு, கண்ணு மூடிட்டு. இருபது வயசுப் புள்ள, முகம் காஞ்சு சுருங்கிக் கிடந்திச்சு. றிம்ஸான் முழங்கையால இடிச்சான், முழிச்சுக்கொண்டா. மதினி தன்ட சோத்துக் கோப்பையத் தள்ளி வெச்சிட்டு அவளையே பாத்துக்கொண்டு இருந்தா.

றிம்ஸான் சிரிச்சுக்கொண்டு சொல்றான்: “எனக்கும் இப்ப வாப்பாட வருத்தம்தான் உம்மா. கடையப் பூட்டிட்டு வந்து படுத்தா நித்திரை இல்ல. இவளும் எண்ணெய் தேய்ச்சுத்தான் பாக்குறா, சரிவருதில்ல, பாதியில கை நின்டிருது. நீங்க வந்து வாப்பாக்குச் செஞ்ச மாதிரி இவளுக்குப் பழக்கிக் குடுங்க.”

யா அல்லாஹ்! கோப்பையால எறியலாமா என்டு இருந்திச்சு எனக்கு. மதினி எழும்பிக் கையக் கழுவினா. ஸஹ்னாட கையையும் கழுவி விட்டா.

“ஓம், பழக்கிக் குடுக்குறேன். வா புள்ள” என்டு அவள அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய்க் கதவ மூடினா.

றிம்ஸானுக்குப் பெரிய சந்தோசம். தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சான். வேன்காரனுக்கு ஜன்னலால, “இந்தா வாறோம்” என்டான்.

கொஞ்ச நேரத்துல மதினி மட்டும் வெளிய வந்தா. கதவ மெதுவாச் சாத்தினா. மூலையில கிடந்த கதிரைய இழுத்து, அந்தக் கதவுக்குக் குறுக்கால போட்டு இருந்துகொண்டா.

“பழக்கிக் குடுத்தீங்களா உம்மா?”

“ஓம். நல்ல கெட்டிக்காரி. தலை பட்ட உடனே ஒறங்கிட்டா.”

றிம்ஸானுக்கு விளங்க நேரம் எடுத்திச்சு. “ஸஹ்னாவா? நேரம் போகுது உம்மா, எழுப்புங்க, வேன் நிக்குது.”

“நீ வந்து எழுப்பு. என்னைத் தாண்டி வந்து எழுப்பு, பாப்போம்.”

இத்தனை வருசத்துல நான் அந்தக் குரல மதினிக்கிட்டக் கேட்டதில்ல. றிம்ஸான் ஒரு அடி வெச்சவன் அப்படியே நின்டிட்டான்.

“வேனத் திருப்பி அனுப்பு. இந்த வீட்டுச் சாவியும் எங்கயும் போகாது, நானும் எங்கயும் வாறதில்ல” என்டா மதினி. “உன்ட பொஞ்சாதி தானா எழும்புற நேரம் எழும்புவா. உனக்கு நித்திரை வரல்லயென்டா முழிச்சிரு மகன். ஒரு வீட்டுல முழிச்சிருக்க ஒராள் போதும். வாப்பாக்குச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. உனக்குச் சொல்றேன்.”

நான் சும்மா இருப்பேனா? அப்ராவத் தூக்கி அவன்ட கையில வெச்சேன். புள்ள வீறிட்டு அழுதிச்சு. “அழுகுது உம்மா” என்டான், என்ன செய்றதென்டு தெரியாம.

“சத்தம் போடாத, உள்ளுக்கு ஆள் ஒறங்குது” என்டா மதினி. “முத்தத்துக்குக் கொண்டு போய் ஆட்டு.”

றிம்ஸான் புள்ளையத் தோள்ல போட்டுக்கொண்டு முத்தத்துக்கு இறங்கினான்.