நான் செவுளைத் தூக்கிப் பார்த்த மீன்

போன வருடம் எங்கள் ஆலயத்தின் அறுப்புத் திருநாளில் காணிக்கைப் பொருட்களை மேசையில் அடுக்கும் பொறுப்பு எனக்கு. நானும் ஒரு பூசணிக்காய் கொண்டுபோயிருந்தேன். அதன் ஒரு பக்கம் அழுகத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து, சுற்றிவரக் கத்தரிக்காயை அடுக்கிவிட்டேன்.

ஆராதனை தொடங்குமுன், எங்கள் சபையில் மீன்பிடிக்கும் யோசேப்பு ஒரு முழு அறுக்குளா மீனைத் தோளில் சுமந்து வந்தார். மூன்று வாரமாகக் கடல் கொந்தளித்து வள்ளங்கள் இறங்காத நேரம் அது. மீன் விற்கிற விலையில் இவ்வளவு பெரிய மீனை யார் சும்மா தருவார்? விலைப்படாத பழைய மீனாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"எப்ப பிடிச்சது தம்பி?"

"விடியத்தான் அக்கா. இண்டைக்குத்தான் வள்ளம் இறக்கினனாங்கள்."

நான் நம்பவில்லை. சந்தையில் செய்வதுபோல, எல்லோரும் பார்க்கச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். இரத்தச் சிவப்பாக இருந்தது; புத்தம் புது மீன்.

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சிரித்தார். "வடிவாய்ப் பாருங்கோ அக்கா. இது விக்கக் கொண்டுவந்தது இல்லை, ஆண்டவருக்கு."

"அப்ப வீட்டுக்கு?"

"நெத்தலி கொஞ்சம் கிடக்கு. மூண்டு கிழமையும் அவர் எங்களைப் பட்டினி போடேல்ல. முதல் மீன் அவருக்குத்தானே."

என் முகம் எரிந்தது. தம் ஒரே மகனையே எங்களுக்காகத் தந்த ஆண்டவருக்கு நான் என்ன கொண்டுவந்தேன் என்று எனக்கு மட்டும் தெரியும். அழுகலை மறைத்தவள் நான். அதனால்தான் அடுத்தவர் கையிலும் அழுகலைத் தேடினேன். என் பூசணியை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

அன்று மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த வருடம் காணிக்கைக்குக் காய் எடுத்தபோது, முதலில் அதன் அடியைத்தான் புரட்டிப் பார்த்தேன்.